ஏழு நிமிடக் கஞ்சி

என் மகளுக்கு ஒரு வயது முடிகிற நாளோடு என்னுடைய ஒரு மணி நேரமும் முடிந்துவிடும். இதை எனக்கு நினைவூட்டியது கங்காணி அல்ல, பிள்ளை மடுவத்து அக்கா.

கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தை எங்கள் தோட்டத்தில் பிள்ளை மடுவம் என்போம். அந்த அக்காதான் அங்கே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். கைப்பிள்ளைக்காரிகள் மட்டும் காலையில் ஒரு மணி நேரம் மலையிலிருந்து இறங்கி வந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம். அது பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரைதான். பிறகு காலையில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால், மாலையில் கொழுந்தை எடை போட்ட பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். மாதத்தில் பாதி நாட்கள் எங்களுக்கு வேலை மேல்மலையில் இருக்கும். பகல் சோற்றையும் கட்டிக்கொண்டே போய்விடுவோம்.

அன்றைக்கு அக்கா என் பிளாஸ்க்கைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே நான் வீட்டிலிருந்து அரைத்துக்கொண்டு வந்த கஞ்சி.

"இந்தா பாரு தங்கச்சி, இன்னும் ஆறு கெழமதான் இருக்கு. அதுக்கப்புறம் இங்க எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே பருப்பு. பதினோரு புள்ளைய வச்சிக்கிட்டு ஒன் மவளுக்கு மட்டும் நா கால நீட்டி ஒக்காந்து கஞ்சி ஊத்த முடியாது. சோத்துக்குப் பழக்கு. இல்லன்னா வீட்டுல வச்சிக்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கஞ்சியில் எனக்கு இருந்த பெருமை அப்படி.

அதற்குக் காரணம் ஒரு பிளெண்டர். என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு முறை வருவார். மகள் சோறு குடிக்கத் தொடங்கிய மாதம் பெட்டியோடு ஒரு பிளெண்டரைச் சுமந்துகொண்டு வந்தார். சோறு குடிக்க என்றுதான் எழுதுகிறேன், தவறில்லை. வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, குடும்பத்துக்கு ஓர் அறை. பன்னிரண்டிலும் பிளெண்டர் இருந்தது என் காம்பராவில் மட்டும்தான். பக்கத்துக் காம்பரா மதினி தன் பிள்ளைக்குச் சோற்றை விரலால் மசித்து, கிழங்கை நசுக்கி, ரொட்டியைப் பிய்த்துப் பருப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில், நான் சோறு, கேரட், பூசணி, பருப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி, வழவழவென்று எடுத்துவிடுவேன். ஒரு பருக்கை கூட மிஞ்சாது. அந்தச் சத்தம் லயத்தின் கடைசிவரை கேட்கும். கேட்கட்டும் என்றுதான் கதவையும் திறந்து வைத்திருப்பேன்.

ஊட்டுவதிலும் எனக்கு ஒரு தனிக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. மடுவத்துக்கு ஓடி வருவேன். காலை நீட்டி உட்கார்ந்து மகளைக் கால்மேல் மல்லாக்கப் போடுவேன். அவளுடைய ஒரு கையை என் தொடைக்கு அடியில் செருகி, மறு கையை என் இடது கையால் பிடித்துக்கொள்வேன். வாயைத் திறந்ததும் கரண்டியைச் சரித்தால் கஞ்சி தானாக இறங்கிவிடும். ஏழு நிமிடம். போனில் நேரம் பார்த்திருக்கிறேன். பிறகு ஐந்து நிமிடம் பால். துண்டை எடுத்து வாயைத் துடைத்தால் வேலை முடிந்தது. ஒரு மணி நேரத்தில் பாதியைக்கூடச் செலவழிக்காமல் மலைக்குத் திரும்பிவிடுவேன். மற்றக் கைப்பிள்ளைக்காரிகளைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுப்பேன். நிறுக்கிற இடத்தில் கங்காணி என் சாக்கைப் பார்த்து, "புள்ளக்காரி பறிச்ச கொழுந்தா இது?" என்று கேட்பார். அதைக் கேட்டால் எனக்கு அன்றைக்குப் பசிகூட எடுக்காது.

ஆகவே அக்கா சொன்னதும் வீம்புக்கு அன்று மாலையே மகளுக்குச் சோறு கொடுத்தேன். குழையக் குழைய வேகவைத்த சோறு, மேலே பருப்பு. வழக்கம்போல் கால்மேல் போட்டு, கையைச் செருகி, ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். அப்புறம் முகம் சிவந்து, கண் பிதுங்கி, சத்தமே வராமல் உடம்பு விறைத்தது. தூக்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன். பருப்பும் சோறும் என் சேலையில் விழுந்தன. அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நானும் அழுதேன். அவளைவிடச் சத்தமாக.

மறுநாள் முதல் மீண்டும் பிளெண்டர். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, இன்னும் இரண்டு சுற்று.

அந்த வாரம் வீட்டுக்காரர் வீடியோவில் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடையின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, மிகச் சுலபமாக ஒரு வழி சொன்னார்.

"அப்ப வேலய விட்டுரு. நாந்தான் அனுப்புறன்ல. புள்ளயப் பாத்துக்கிட்டு வீட்டுல இரு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். ஆனால் பதினெட்டு வயதில் பேர் பதிந்து மலைக்குப் போனவள் நான். மழையில், அட்டைப் பூச்சிக் கடியில், சரிவில் நின்று பறித்துப் பறித்து எனக்கென்று ஒரு பேர் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு முறை பேரை வெட்டிக்கொண்டால் மறுபடி பதிவது லேசில்லை. அதைவிட, காலையில் வரிசையில் நின்று என் பேரைக் கூப்பிடக் கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.

"நீங்க ஒங்க வேலய விட்டுட்டு வந்து பாத்துக்கங்களேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சொன்னேனே தவிர உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது. ஆறு வாரம் ஐந்தாகி, ஐந்து நான்காகிவிட்டது. மகள் கஞ்சியைத் தவிர வேறு எதைக் கண்டாலும் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நான் கானில் விழுந்தேன்.

மூன்று நாள் விடாத மழை. தேயிலை வரிசைகளுக்கு நடுவில் தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் கானைத் தாண்டும்போது கால் வழுக்கி, சாக்கோடு முதுகடித்து விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்து உட்கார முடியாத வலி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து மூன்று நாள் படுத்துக் கிடக்கச் சொன்னார்கள். மூன்று நாள் சும்மா கிடப்பது எனக்கு வலியைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை பக்கத்துக் காம்பரா மதினி சுடச்சுட ரொட்டியும் மிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்தார். மகளை என் பக்கத்தில் பாயில் உட்காரவைத்துவிட்டு, "எந்திரிச்சி ஒக்காந்து தின்னு" என்று சொல்லிவிட்டுப் போனார். யார் எழுந்து உட்காருவது? மல்லாந்து படுத்தபடியே ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு வாயில் போட்டேன். பாதி மென்றபோது அது தானாகத் தொண்டைக்குள் சரிந்தது. அவ்வளவுதான். இருமல் என்றால் அப்படி ஓர் இருமல். சம்பல் மூக்குக்கு ஏறி, கண்ணில் தண்ணீர் கொட்டி, முதுகு ஒவ்வொரு இருமலுக்கும் விண் விண்ணென்று தெறித்தது. வலியைப் பார்க்காமல் புரண்டு, கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்த பிறகுதான் ரொட்டி வழிக்கு வந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. முப்பத்திரண்டு பல்லும் இருக்கிற எருமைமாடு நான். படுத்துக்கொண்டு ரொட்டி தின்ன என்னாலேயே முடியவில்லை. நாலு பல் முளைத்த பிள்ளையை மல்லாக்கப் போட்டு, இரண்டு கையையும் பிடித்துவைத்து, வாயில் சோற்றைக் கொட்டியிருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தேன். என் கையிலிருந்து தெறித்து விழுந்த ரொட்டித் துண்டு ஒன்று மகளின் கையில் இருந்தது. நல்லவேளை, சம்பல் படாத துண்டு. பிடுங்கக் கை நீட்டினேன், முதுகு விடவில்லை. அவள் நேராக உட்கார்ந்துகொண்டு, துண்டை வாயின் ஓரத்தில் வைத்து முன்னும் பின்னும் அரைத்துக்கொண்டிருந்தாள். எச்சில் ஒழுகியது. ஒரு தரம் "க்கே" என்று ஓக்களித்து நாக்கைத் தள்ளினாள். என் உயிர் போய் வந்தது. அவளோ வெளியே வந்த துண்டை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தத் துண்டு நனைந்து, கரைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. முழுதாகக் கால் மணி நேரம் ஆயிற்று. நான் மூச்சைக் கூடச் சரியாக விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமா வெட்கமா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

முதுகு தேறி வேலைக்குப் போன முதல் நாள் பிளாஸ்க்கை எடுத்துப்போகவில்லை. அவித்த உருளைக்கிழங்கு விரல் நீளத்துக்கு நாலு துண்டு, அமுக்கினால் நசுங்குகிற அளவுக்கு வேகவைத்த கேரட், சின்ன உருண்டையாகப் பிடித்த சோறு. மடுவத்து வாசற்படிக்குப் பக்கத்தில் மகளை என் எதிரே நேராக உட்காரவைத்து, தட்டை அவள் முன்னால் வைத்தேன். என் கைகளை என் மடிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

கொழுந்து பறிக்கிறவளின் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மகள் கிழங்கை நசுக்கித் தலையில் தேய்த்தபோது என் கை பறந்தது. கேரட்டை எறிந்தபோது பறந்தது. ஓக்களித்த ஒவ்வொரு முறையும் பறந்தது. முதல் நாள் அவள் தின்றது ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. வயிறு நிறையப் பாலை மட்டும் குடித்துவிட்டுத் தூங்கினாள். மூன்றாம் நாள் நான் அவளைப் பார்த்து, "தின்னுத் தொலையேண்டி" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். உள்ளே இருந்த அக்காவும் சிரித்தார்.

அந்த மூன்று நாளும் நான் ஒரு மணி நேரம் முழுவதையும் செலவழித்துவிட்டுத்தான் மலைக்குத் திரும்பினேன். கொழுந்து குறைந்தது. நாலாம் நாள் பகல் நிறுவையின்போது கங்காணி என் சாக்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னா தங்கச்சி, இப்பல்லாம் போனா போன எடம். முன்ன பறந்து வருவியே."

"ஒரு மணி நேரம் எனக்கு உண்டா இல்லயா அண்ணே?"

"உண்டு. யாரு இல்லன்னா?"

"அதுல பாதிய இத்தன மாசமா ஒங்களுக்குத்தான் குடுத்தேன். அது எம் மவளோட நேரம். இனிமே தர மாட்டேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள். கங்காணி எடையை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கோபத்தில் வாயில் வந்ததைத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது. பிள்ளைக்கென்று கொடுத்த நேரத்தை மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து நான் தேயிலைக்குக் கொடுத்திருக்கிறேன், அதற்கு ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு. மலை ஏறும்போது வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கு மறுபடி பறக்கத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் அவள் கிழங்கைத் தின்றாள். முழுத் துண்டு. அதற்கடுத்த வாரம் சோற்றுருண்டை, பிறகு முட்டையின் மஞ்சள் கரு, பிறகு பருப்பில் ஊறிய ரொட்டி. வீட்டில் எங்கள் கறிச்சட்டியில் மிளகாய் போடும் முன்னால் ஒரு அகப்பை அவளுக்கென்று எடுத்து வைக்கத் தொடங்கினேன். அவள் என் தட்டையும் தன் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே லீக்ஸ் கறி இருப்பதைப் பார்த்ததும் ஒரு பெரிய மனுஷித்தனம் வந்துவிட்டது அவளுக்கு.

வீட்டுக்காரருக்கு வீடியோவில் காட்டினேன். அவர் பார்க்கிற நேரம் பார்த்து அவள் தட்டைக் கவிழ்த்தாள். "இதுக்குத்தான் இவ்வளவு பாடா?" என்றார். இன்னும் ஒரு கண்டம் பாக்கி இருந்தது.

பிறந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா அதைச் சொன்னார்.

"ஒன் மூஞ்சியப் பாத்துத் திங்கிறா, சரி. நீ இல்லாதப்ப? பகலைக்கு நா சோறு வச்சேன், திரும்பியும் பாக்கல."

உண்மைதான். இத்தனை நாளும் அவளை வாசற்படிக்குப் பக்கத்தில் தனியாக வைத்துத்தான் பழக்கியிருந்தேன். நானும் அவளும் மட்டும். பதினொரு பிள்ளைகள் நடுவில், அந்த இரைச்சலில், வேறொருவர் வைக்கிற தட்டில் தின்பது வேறு வேலை. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. என் கை, என் வேகம், என் வாய் எதுவும் உதவாது. நான் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான், என் நேரத்தில் அவளை மற்றப் பிள்ளைகளின் வரிசையில் உட்காரவைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய் உட்காருவது. முதல் நாள் ஒரு கை தூரம். பிறகு சுவரோரம். பிறகு கதவுக்கு வெளியே. கடைசி நாள் வெளியிலிருந்து எட்டிப் பார்த்தபோது தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது.

பிறந்த நாளுக்குக் கோயிலில் ஒரு அர்ச்சனை, லயத்துக்கு ஒரு கேக். மறுநாள் விடிந்தது. அன்றைக்கு எங்களுக்கு வேலை மேல்மலையில் விழுந்தது.

மகளை மடுவத்தில் விட்டபோது அவள் என் சேலையைப் பிடிக்கவில்லை. அதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது. மலையில் வழக்கமாக நான் இறங்குகிற நேரம் வந்ததும் கால் தானாகத் திரும்பியது. மாரில் பால் கட்டி, ரவிக்கை நனைந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் மடுவத்தின் தகரக் கூரை தெரியும். அவ்வளவுதான் தெரியும். சின்னப் பிள்ளை ஒருத்தி அங்கே இரைந்து அழுதாலும் மேலே கேட்காது. பறித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பறித்தேன். பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவள் பட்டினி என்றால் நாளைக்கு நான் மலைக்கு வரப்போவதில்லை. அதை நான் எனக்குள் முடிவு செய்திருந்தேன். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

மாலை நிறுவை முடிந்ததும் குறுக்குப் பாதையில் ஓடினேன். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மடுவத்து வாசலில் அக்கா தட்டுகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் அடுத்த தட்டை எடுத்துக் கழுவினார். அந்த அம்மாவுக்கு எப்போதும் அந்த அழுத்தம் உண்டு.

"அக்கா, அழுதாளா?"

"அழுதா. நல்லா அழுதா."

"என்னயத் தேடியா?"

"ஒன்னய யாரு தேடுனா?" என்றார் அக்கா, கையை உதறிக்கொண்டு. "எங்கிட்டருந்து ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னா. மூணாந்தரம் கேட்டா. சட்டியில சோறு இல்ல. அதுக்குத்தான் அழுதா."

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேன், அழுதேன், அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர், "ஏய், விடு, எருமை" என்று கையை இழுத்துக்கொண்டார். மகள் உள்ளேயிருந்து தவழ்ந்து வந்தாள். அவள் காதோரம் ஒரு பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தது. முழுப் பருக்கை. அதை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். நாளெல்லாம் பட்டினி கிடந்த எனக்கு அதுதான் முதல் சோறு.

லயத்துக்குப் போகிற வழியில் எதிரே வந்த எல்லோரிடமும் சொன்னேன். மதினியிடம் இரண்டு முறை சொன்னேன். இஸ்தோப்புத் திண்ணையில் ஏறி நின்று வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் பயந்துபோய், "என்ன, என்ன ஆச்சி?" என்றார்.

"ஒங்க மவ ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னுருக்கா. பத்தலன்னு அழுதுருக்கா."

கடையில் யாரோ ஆணி விலை கேட்பது கேட்டது. பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாளைக்கு மலைக்குப் போறியா?"

"போறேன்" என்றேன்.